பகலில் செத்தவர்கள்

கசினோவை இனி இரவு பத்து மணிக்கே பூட்டப்போகிறார்கள் என்று தமிழ்க் கடையில் சொன்னபோது அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் அரசாங்கத்தை வாழ்த்தினார்கள். நான் வாழ்த்தவில்லை. வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். முறியாத வெண்டிக்காயை நான் வாங்குவதில்லை, சும்மா கையில் வந்து விழுகிற நல்ல செய்தியை நம்புவதும் இல்லை. என் சுபாவம் அப்படி. அதனால் நட்டப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் சுவிஸில் இருக்கிற எங்கள் ஆட்கள் மீதியை அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு ஆறு, ஒரு பெரிய ரெயில் நிலையம், நிலையத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஒரு கசினோ. இவ்வளவும் போதும்.

முன்பு அந்தக் கசினோ மதியம் திறந்தால் விடியப்புறம்தான் பூட்டும். சூதாட்டத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு உதவத்தான் நேரத்தைக் குறைக்கிறோம், ஒரு வருடம் செய்து பார்ப்போம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதே கசினோ கட்டின வரியில் நீச்சல் குளத்தைத் திருத்தியதாகவும் இன்னொரு நாள் அதே பேப்பரில் போட்டிருந்தார்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது இதுதான்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கும் ஆசை வந்தது. என் மனிசன் ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு பெரிய உணவகத்தின் குசினியில் சமைக்கிறவர். இரவு வேலை முடித்து அவர் வெளியே வரும்போது பத்தரை தாண்டிவிடும். இவ்வளவு காலமும் வேலை முடிந்ததும் அவருடைய கால் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கசினோப் பக்கம்தான் திரும்பியது. இனிப் போனால் பூட்டின கதவைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இந்தச் செய்திக்குக் கொஞ்சம் முந்தி, சித்திரை மாதம்தான், நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசி முடித்திருந்தோம். இனி ஒருக்கால் அந்தக் கதவுக்குள் போனால் நான் சூரிச்சில் இருக்கிற மகள் லக்சனாவிடம் போய்விடுவேன், பிறகு திரும்பி வரமாட்டேன் என்று சொன்னேன். லக்சனா எனக்கென்று ஒரு அறையை ஒதுக்கியே வைத்திருந்தாள். அவர் அழுதார். மகளின் தலைமேல் சத்தியம் பண்ணினார். லக்சனா அழவில்லை. "அம்மா, சத்தியமெல்லாம் வேண்டாம். வீட்டு ஆக்கள் போய்ச் சொன்னாலே கசினோக்காரர் விசாரிச்சு அப்பாவுக்குத் தடை போடுவினம். பிறகு சுவிஸில எந்தக் கசினோவுக்குள்ளயும் அவர் போக ஏலாது," என்றாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். கவுண்டரில் போய் நின்று, என் மனிசன் சூதாடி என்று என் வாயால் சொல்வதோ. அங்கே வேலை செய்கிறதும் எங்கள் பிள்ளைகளில் ஒன்றாக இருக்கும். பின்னேரம் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கசினோ நேரத்தைக் குறைத்த பிறகு மனிசன் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. தேத்தண்ணியும் கையுமாக என் பக்கத்தில் இருந்து நான் பார்க்கிற நாடகத்தைத் தானும் பார்ப்பார். "இவன் ஆர், நல்லவனோ?" என்று கேட்பார். இதில் ஒருத்தரும் நல்லவர் இல்லை, பேசாமல் பாருங்கோ என்பேன். கல்யாணம் கட்டின புதிதில்கூட நாங்கள் இப்படி இருந்ததில்லை.

பிறகு செத்தவீடுகள் தொடங்கின.

மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை குசினி ஆட்களுக்கு ஓய்வு உண்டு. சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து குப்புறப் படுக்கிறதுதான் அவருடைய வழக்கம். நான் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் காலை வேலை செய்வதால் நானும் அந்த நேரம் வீட்டில் இருப்பேன். ஒரு நாள் வந்தவர் படுக்கவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார்.

"ஆர் செத்தது?" என்றேன்.

"எங்கட குசினியில நிக்கிற கிஷோபன்ர பெரியப்பா. ஃப்ரிபூர்க்கில."

"என்ன வருத்தம்?"

"வயசுதானப்பா."

வயசுக்கு யார் என்ன சொல்ல முடியும். போனார், வந்தார். வாசலில் வைத்தே என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குள் போய் முழுகினார். சட்டையையும் தானே அலசிக் காயப் போட்டார். செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் முழுகும்வரை துடக்கு. தொடக்கூடாது, இருத்தி வைத்து நாலு கேள்வி கேட்கவும் கூடாது. இந்த விசயத்தில் நான் கடுமை. என்னுடைய சந்தேகத்துக்கும் ஆசாரத்துக்கும் சண்டை வந்தால் ஆசாரம்தான் வெல்லும். அது அவருக்கும் தெரியும்.

அடுத்த நாளும் வெள்ளைச் சட்டை. அதற்கு அடுத்த நாளும்.

"இஞ்ச உடன எரிக்கமாட்டாங்கள்தானே," என்றார். "ஒரு கிழமை பெட்டியைப் பார்வைக்கு வச்சிருப்பாங்கள். தூரத்து ஆக்கள் வந்து போகவேணும். கிஷோபன் தனியப் பாவம்."

உண்மைதான், இங்கே அப்படித்தான். ஊரில் ஒரு சாவு ஒரு நாளோடு முடிந்துவிடும். இங்கே ஒரு சாவு ஒரு கிழமைக்குக் காணும்.

கிஷோபனின் பெரியப்பாவை எரித்த கையோடு சூரிச்சில் ஒருவர் செத்தார். அவருக்குப் பிறகு யாரோ ஒருவரின் மாமியார். எல்லோரும் வேலை நாளில் செத்தார்கள், எல்லோரையும் மதியத்துக்குப் பிறகே பார்வைக்கு வைத்தார்கள். சனி ஞாயிறில், குசினி நெருக்கடியாக ஓடுகிற நாளில், ஒருவரும் சாகவில்லை. மரண அறிவித்தல் போடுகிற இணையத்தளங்களை வரிவரியாகப் பார்த்தேன். ஃப்ரிபூர்க்கில் ஒருவரும் இல்லை. தமிழ்க் கடைக்காரரிடம், "ஃப்ரிபூர்க்கில ஆரோ மோசம் போயிட்டினமாம்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவருக்குத் தெரியாது. சுவிஸில் ஒரு யாழ்ப்பாணத்தார் செத்து, தமிழ்க் கடைக்காரருக்குத் தெரியாமல் எரித்த கதையை நான் கேள்விப்பட்டதில்லை.

மனிசனிடம் இதைச் சொன்னேன். ஒரு கணமும் தடுமாறவில்லை.

"பிள்ளையள் அங்க பிரெஞ்சுதான் கதைக்கிறதுகள். தமிழில அறிவிக்க ஆர் இருக்கினம்?"

பொருந்துகிற பதில்தான். எல்லாப் பதிலும் பொருந்தியது. அதுதான் என் நித்திரையைக் கெடுத்தது. உண்மை பேசுகிறவனுக்கு எங்காவது ஒரு இடத்தில் இடிக்கும், மறந்துபோகும், மாறிச் சொல்லிவிடுவான். இவருக்கு ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

ஆனாலும் கசினோ என்று என் மனம் நினைக்கவில்லை. எனக்குக் கசினோ என்றால் இரவு. வெளிச்சத்தில் ஒரு மனிசன் சூதாடப் போவான் என்று ஏனோ தோன்றவில்லை. எனக்கு வந்த சந்தேகம் வேறு. மத்தியானத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு ஆண் எங்கே போவான், வந்து ஏன் முழுகுவான் என்று யோசித்தால் எந்தப் பெண்ணுக்கும் வருகிற சந்தேகம்தான்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அவர் வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அருட்செல்வன் போயிட்டான்," என்றார்.

அருட்செல்வனை எனக்குத் தெரியும். இருவரும் சுவிஸுக்கு வந்த புதிதில் ஒரே குசினியில் கோப்பை கழுவினவர்கள். இப்போது லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் லக்சனா பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு வந்து பந்தியில் பரிமாறினவர். அவருடைய மனிசி தவமலரை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மாரடைப்பு என்றார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. ஒரே அறையில் படுத்து எழும்பின சிநேகிதனை ஒருவன் வாயால் கொல்லமாட்டான் என்று நம்பினேன். அந்தச் செத்தவீட்டை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

"நானும் வாறன்," என்றேன்.

"இப்ப வேண்டாம். தவமலர் ஆரையும் பாக்கிற நிலையில இல்லை. பொம்பிளையள் வரவேண்டாம் எண்டுட்டா."

சாவை நம்பினேன், அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவரையும் நம்பியிருப்பேன். மனிசன் செத்த வீட்டில் பெண்கள் வரவேண்டாம் என்று சொல்கிற யாழ்ப்பாணத்துப் பெண் இன்னும் பிறக்கவில்லை. பெண்கள் இல்லாமல் அங்கே யார் அழுவது, யார் அவளுக்கு ஒரு வாய் ஊட்டுவது? எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சாப்பாடு வெளியிலிருந்துதான் போகவேண்டும். இதெல்லாம் ஆண்களுக்குத் தெரியாது. சாப்பாடு தானாக நடந்து வந்து கோப்பையில் ஏறுகிறது என்று நினைப்பவர்கள் அவர்கள்.

புதன்கிழமை அவர் வெள்ளைச் சட்டையோடு வெளிக்கிட்டுப் போனதும் நானும் வெளிக்கிட்டேன். விடியவே எழும்பி அவித்த இடியப்பமும், சொதியும், கத்தரிக்காய்க் குழம்பும் பையில் இருந்தன. வெள்ளைச் சேலை கட்டி மேலே குளிருக்கு ஜாக்கெட் போட்டேன். ரெயிலில் இருக்கும்போது மனம் சும்மா இருக்கவில்லை. தவமலர் ஆரையும் பார்க்கிற நிலையில் இல்லை, ஆனால் இவரை மட்டும் நாள் தவறாமல் பார்க்கிறாள். செத்தவனின் மனிசியைத் தேற்றுவதற்கு மூன்று நாளாகப் போகிற மனிசனை என்னவென்று நம்புவது? சோகத்தில் இருக்கிற பெண்ணைப்பற்றி இப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தேன்.

லாங்கன்தாலில் அவர்களுடைய மாடிக்கு ஏறினபோது முதலில் கண்ணில் பட்டது வாசல். ஒரு சோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. செத்தவீட்டு வாசலில் செருப்பு இல்லையோ என்று நினைக்கும்போதே உள்ளேயிருந்து மீன் பொரிக்கிற வாசம் வந்தது.

மணியை அடித்தேன். பொல்லை ஊன்றிக்கொண்டு தவமலர் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். பொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக் குழறத் தொடங்கினாள்.

"ஐயோ தங்கச்சி, உன்னை இந்தக் கோலத்தில பாக்கவோ நான் இருந்தனான்."

மீனையும் செருப்பையும் மறந்துபோனேன். நானும் அழுதேன். இரண்டு பேரும் வாசலில் நின்று நன்றாக அழுதோம். பக்கத்து வீட்டு சுவிஸ்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்தினாள்.

"நான் முந்தியே வந்திருக்கவேணும் அக்கா," என்றேன்.

"நீ ஏன் வரவேணும்? நானல்லோ வந்திருக்கவேணும். இந்த முழங்கால் ஒப்பரேசன் செய்தது என்னை நகர விடுதில்லை."

என்னை உள்ளே கொண்டுபோய் இருத்தினாள். தண்ணீர் தந்தாள். செத்தவீட்டுக்கு வந்தவளுக்கு வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்துத் தேற்றுகிறாளே, பாவம், மனம் பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணைக்கு எப்பிடி நடந்தது? நித்திரையிலயோ?"

"எந்த அண்ணை?"

"உங்கட மனிசன்தான் அக்கா."

"அவருக்கென்ன? அவர் உங்கட வீட்டிலயல்லோ நிக்கிறார். திங்கட்கிழமை தொடக்கம் உங்கட செத்தவீட்டு அலுவல் எல்லாம் அவர்தானே ஓடி ஓடிப் பாக்கிறார்."

"ஆற்ற செத்தவீடு?"

துக்கத்தில் எனக்குப் புத்தி மாறிவிட்டது என்று அவள் நினைத்தது அவள் முகத்தில் தெரிந்தது. என் தலையைத் தடவினாள்.

"உன்ர மனிசன்ர செத்தவீடு தங்கச்சி," என்றாள்.

மீன் கருகியது. அவள் எழும்பிப் போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தாள்.

"ஸ்ரீக்கு மாரடைப்பு எண்டு சொன்னவர்," என்றாள். "இவருக்கு என்னவாம்?"

"இவருக்கும் அதுதான்."

"ரெண்டு பேருக்கும் வேற ஒரு வருத்தமும் தெரியேல்லைப் போல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. கொஞ்ச நேரம் பைத்தியம் பிடித்ததுபோலச் சிரித்தோம். பிறகு அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். மூன்று மணி ஆகியிருந்தது. கசினோ மதியமே திறந்துவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளுக்கும் தெரிந்திருந்தது. அருட்செல்வனும் முன்பு இரவில் எங்கள் ஊருக்கு வந்து விளையாடினவராம். நேரத்தைக் குறைத்ததும் காலை வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறார். மனிசன் திருந்தி, விடிய வேலைக்குப் போகிறார் என்று தவமலர் கோயிலில் அர்ச்சனை செய்திருக்கிறாள். இரவுக் கதவைப் பூட்டினால் இவர்கள் படுத்து நித்திரை கொள்வார்கள் என்று அரசாங்கம் நினைத்தது. இவர்கள் வேலையை மாற்றினார்கள், நித்திரையை விட்டார்கள், சிநேகிதனைக் கொன்றார்கள். விளையாட்டை மட்டும் விடவில்லை.

"எழும்பு," என்றாள் தவமலர். இடியப்பத்தை மேசையில் வைத்துவிட்டு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

கசினோவுக்குள் நான் அதற்கு முதல் போனதில்லை. ஏதோ இருட்டுக் குகை என்று நினைத்திருந்தேன். வங்கிபோல வெளிச்சமாகவும் துப்புரவாகவும் இருந்தது. கோட்டுகளைக் கொழுவி வைக்கிற இடத்தில், கோட்டுகளுக்கு நடுவில், ஒரு மலர்வளையம் தொங்கியது. கோட்டுக்குக் கொடுக்கிற இலக்கத் துண்டை அதிலும் கொழுவியிருந்தார்கள். நாடாவில் தமிழில் என் மனிசனின் பெயரும், கண்ணீர் அஞ்சலியும்.

"நான்தான் ஓடர் பண்ணி இவரிட்டக் குடுத்து விட்டனான்," என்றாள் தவமலர். "வெள்ளை றோசா கேட்டனான். பூக்கடைக்காரன் மஞ்சள் கட்டியிருக்கிறான்."

கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். அங்கே இருந்தது நான் பயந்ததுபோலவே ஒரு தமிழ்ப் பிள்ளை. சட்டையில் அக்‌ஷயா என்று குத்தியிருந்தது. என் வெள்ளைச் சேலையை ஒருமுறை பார்த்துவிட்டு மரியாதையாகக் கதவைக் காட்டினாள்.

அருட்செல்வன்தான் முதலில் எங்களைக் கண்டார். முகம் வெளிறி எழும்பி நின்றார். தவமலர் பொல்லால் வாசலைக் காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

என் மனிசன் அடுத்த வரிசையில் ஒரு மெசினுக்கு முன்னால் இருந்தார். என்னைத் தோய்க்கவிடாமல் அவரே தோய்த்த வெள்ளைச் சட்டை. பக்கத்தில் போய் நின்றேன். ரெயிலில் வரும்போது எத்தனையோ சொற்களைத் தேடி அடுக்கி வைத்திருந்தேன். அவர் மெசின் கண்ணாடியில் என்னைக் கண்டுவிட்டார். பதறுவார், எழும்புவார், இன்னொரு பொய் சொல்வார் என்று நினைத்தேன். அந்தப் பொய்க்கு என்ன திருப்பிச் சொல்வது என்பதுகூட என்னிடம் இருந்தது.

"ஒரு அஞ்சு நிமிசம் இரும்," என்றார் திரும்பாமல்.

"என்னைப் பாருங்கோ."

"இன்னும் பூட்ட நேரம் கிடக்குதப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. உலையில் சோறு வேக இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல, அவ்வளவு ஆறுதலாகச் சொன்னார். கை தன்பாட்டில் பொத்தானை அமத்தியது. இத்தனை கிழமையும் அவர் எனக்குப் பொய் சொன்னார், நான் எரிந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் நின்றபோது அந்தப் பொய்கள் வேண்டும்போல இருந்தது. நான் போய்விடுவேன் என்ற பயம் இருந்தபடியால்தான் ஆட்களைச் சாகடித்துச் சாகடித்துச் சொன்னார். இப்போது நான் முன்னால் நிற்கிறேன், அவருக்கு அந்தப் பயம் இல்லை. அவருடைய தோளில் கை வைக்கப் போனேன், வைக்கவில்லை.

வெளியே கவுண்டருக்கு வந்தேன்.

"அம்மா, ஏதும் உதவி வேணுமோ?" என்று அந்தப் பிள்ளை எங்கள் தமிழில் கேட்டாள்.

"என்ர மனிசன் உள்ள இருக்கிறார்," என்றேன். "அவர் சூதாடி. அவரை இனி உள்ள விடாமல் பண்ண நான் என்ன செய்யவேணும்?"

நான் இத்தனை மாதமும் பயந்த வார்த்தை அது. சொல்ல ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை. அவள் பொறுப்பான ஒரு சுவிஸ்காரரைக் கூப்பிட்டாள். அவர் எங்களை ஒரு சின்ன அறைக்குள் இருத்தினார். அவர் ஜெர்மனில் ஒவ்வொன்றாகக் கேட்க, பிள்ளை இடையில் இருந்து தமிழில் சொன்னாள். உடனே தடை வராது, விசாரிப்பார்கள், அவரோடும் கதைப்பார்கள், நான் சொன்னதை அவர் அறியக்கூடும், பரவாயில்லையோ என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன். அவருடைய முழுப்பெயர், பிறந்த திகதி, வேலை, எல்லாம் சொன்னேன்.

"விலாசம், உங்கட வீட்டு விலாசம்தானோ அம்மா?"

சுவருக்கு அந்தப் பக்கம் மணிகள் கிணுகிணுத்தன. யாரோ வென்றிருக்க வேண்டும். சுவிஸ்காரர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"அவருக்கு அந்த விலாசம்தான் பிள்ளை," என்றேன். "எனக்கு இனிச் சூரிச்."